பழைய வண்டிக்கு ஒரு மின்பிறப்பாக்கி

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையிலே பற்றறியின் உருவந்தாங்கிய சிறு சிவப்பு விளக்கொன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரியும். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணையாது நின்றெரிந்தால் வீட்டுக்குச் செலவு வந்துவிட்டது என்பது பொருள். சென்ற ஆண்டு மாரிகாலத்தில் என் அத்தானுடைய வண்டியில் அவ்விளக்கு அணைய மறுத்தது.

அத்தான் மருதனார்மடச் சந்தையில் மரக்கறி வாங்கிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வண்டியோ 1990களிலே ஜப்பானில் ஆக்கப்பட்ட ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.4 லீற்றர் டீசல் எஞ்சின் பூட்டியது. இத்தனை பழைய வண்டியைக் கட்டி அழுவானேன் என்று கேட்பாரும் உளர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பூரணமாகத் திறக்கப்படவில்லை என்பதையும், 2022இலே 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவைத் தொட்டது என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் அவ்வாறு கேட்கமாட்டார். அந்த வண்டி ஓடினால்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரியும்.

கராச்சுகளில் 'ஒல்ரனேற்றர்' என வழங்கும் உறுப்பை நம் பௌதிக பாடநூல்கள் ஆடலோட்ட மின்பிறப்பாக்கி என்னும். பெயரைக் கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருள் மூடிக் கிடந்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் யான். சுற்றும் கை சோர்ந்தால் செய்தியும் சோரும்! அந்தச் சைக்கிள் டைனமோவின் பெரிய உடன்பிறப்பே இது. அங்கே கை சுற்றியது. இங்கே எஞ்சின் வார்ப்பட்டி கொண்டு சுற்றுகிறது. காந்தம் சுழல, சூழவுள்ள கம்பிச் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கிறது. இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கிப் பற்றறிக்கு அனுப்புகின்றன. 1831இலே பரடே கண்ட தத்துவந்தான். எனினும், மலிவான சிலிக்கன் இருவாயி வந்த பின்னரே காருக்குள் இதற்கு இடங்கிடைத்தது. 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் வலியன்ற் காரில் இதனைப் பூட்டியது. நம் ஊரில் இன்னும் சில வீடுகளிற் காணும் மொறிஸ் மைனர் வண்டிகள் அதற்கு முந்திய டைனமோவோடு பிறந்தவை.

நிற்க. டீசல் வண்டியில் ஒரு வசதி உண்டு, அதுவே ஆபத்துமாகும். இயங்கத் தொடங்கிய பழைய டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் மிகச் சொற்பமே வேண்டும். ஆகவே சிவப்பு விளக்கு எரிய எரிய அத்தான் ஒரு கிழமை ஓடினார். "பகலிலைதானே தம்பி ஓடுறன்" என்பது அவர் நியாயம். எட்டாம் நாள் விடியற்காலை முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார். இரு முன்விளக்குகளுமே ஏறத்தாழப் பத்து அம்பியரைக் குடிப்பவை. பாதி வழியில் ஒளி மங்கியது. ஓரத்தில் நிறுத்திய வண்டி மறுபடி உயிர்பெறவில்லை. அன்றைய கத்தரிக்காயும் கீரையும் வண்டியிலேயே வாடின.

புதிய மின்பிறப்பாக்கியின் விலையை விசாரித்தபோது அது அவருடைய இரண்டு மாத உழைப்பாக இருந்தது. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலே ஜப்பானிலிருந்து வந்த பழைய உதிரிப்பாகங்கள் மலைபோற் குவிந்து கிடப்பதை அறிவீர்கள். அங்கிருந்து தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒன்று வந்து சேர்ந்தது. மூன்றிலொரு பங்கு விலை. ஆனால் அது பெற்றோல் எஞ்சினுக்கு உரியது. பூட்டியவர் தாங்கியைச் சற்று மாற்றி, மிஞ்சிய இரு குழாய்களையும் அடைத்துவிட்டு, "பிறேக் கொஞ்சம் இறுக்கமாயிருக்கும், பழகிவிடும்" என்றாராம்.

சிவப்பு விளக்கு அணைந்தது. அத்தானுக்கு மகிழ்ச்சி. அன்று மாலை நானும் அருகில் ஏறினேன். சுன்னாகம் தாண்டி ஒரு பசு குறுக்கே வந்தது. அத்தான் மிதித்தார், மிதி கல்லாக நின்றது. இருகாலையும் ஊன்றி ஆசனத்திலிருந்து எழும்பி மிதித்த பிறகே வண்டி நின்றது. பசுவுக்கும் எமக்கும் இடையே ஒரு சாண். இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

காரணம் இதுதான். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலே இயல்பாக ஒரு வெற்றிடம் உண்டாகிறது; அதுவே பிறேக் மிதிப்பவரின் காலுக்குத் துணைசெய்கிறது. டீசல் எஞ்சினில் அவ்வெற்றிடம் இல்லை. ஆதலால் இவ்வகை ரொயோட்டா டீசல் வண்டிகளில் மின்பிறப்பாக்கியின் முதுகிலேயே ஒரு வெற்றிடப் பம்பியைப் பொருத்தியிருக்கிறார்கள். அடைக்கப்பட்ட குழாய்களில் ஒன்று அப்பம்பிக்கு எஞ்சின் எண்ணெய் கொணர்வது. மற்றது பிறேக்குக்கு உயிர் கொடுப்பது.

மறுநாள் பழையதைத் தூக்கிக்கொண்டு பட்டணத்திலுள்ள முதிய மின்வேலைக்காரர் ஒருவரிடம் போனோம். கழற்றியதும் அவர் சிரித்தார். பம்பியின் எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்து, எண்ணெய் உள்ளே கசிந்து, காபன் தூரிகைகள் நனைந்து கரைந்திருந்தன. சுருள்கள் பழுதின்றி இருந்தன. தடுப்பு வளையம், தூரிகைகள், இரண்டு போதிகைகள் என்பனவற்றை மாற்றினார். கூலியோடு சேர்த்தும், அந்தப் பெற்றோல் பொருளுக்குக் கொடுத்ததிற் பாதி ஆகவில்லை! மறுபடி பூட்டிப் பல்மானியால் அளந்தபோது எஞ்சின் ஓடுகையில் 14.1 வோல்ற்று காட்டியது. 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் நலம், 12.6ஐத் தாண்டாவிட்டால் பற்றறிக்கு ஊட்டம் போகவில்லை.

இந்த அளவையை முதல்நாளே செய்திருக்கலாம். வார்ப்பட்டி தளர்ந்திருந்தாலும், பற்றறி முனையிற் பூஞ்சணம்போற் படிவு பிடித்திருந்தாலும் அதே விளக்குத்தான் எரியும். அவற்றைச் சீர்செய்யக் காசே வேண்டாம். சிலர் எஞ்சின் ஓடும்போதே பற்றறிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பார்கள். டைனமோ காலத்து வழக்கம் அது. இருவாயி உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் நல்ல மின்பிறப்பாக்கியும் கெடும். திருத்த முடியாதபடி சுருள் எரிந்துவிட்டால் மாற்றுப் பொருள் வாங்கத்தான் வேண்டும். அப்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், ஒட்டிய தகட்டிலுள்ள இலக்கம், 12 வோல்ற்றா 24 வோல்ற்றா, அம்பியர் எவ்வளவு, கப்பியின் தவாளிப்பு, முதுகிற் பம்பி ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். கையாற் சுற்றும்போது கரகரவென்றால் விட்டுவிடுங்கள்.

விற்றவர் பெற்றோல் மின்பிறப்பாக்கியைத் திருப்பி எடுக்கவில்லை. நான் அதை வகுப்பறைக்குக் கொண்டுபோய் உயர்தர மாணவர் முன் கழற்றினேன். மூன்று சுருள்களையும் ஆறு இருவாயிகளையும் கைகளாற் தொட்டுப் பார்த்தனர். கடைசி வாங்கில் இருந்த ஒருவன், தகப்பனார் வாடகை பிக்கப் ஓட்டுபவர், அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், இதிலை பம்பி எங்கை?"