நுரையீரலில் விழும் தழும்பு



“டிரஸர் ஐயா, மேடு ஏறினா மூச்சு வாங்குது, வறட்டு இருமல் விடமாட்டேங்குது. ஒரு போத்தல் இருமல் மருந்து குடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா இருமலும் போத்தல் மருந்துக்கு அடங்காது. காரணத்தைப் பார்ப்போம்.

நுரையீரல் முழுவதும் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. ஒன்று அப்பளம் போலத் தட்டையானது. நூற்றுக்கு 95 பங்கு இடத்தை இதுவே மூடுகிறது. மெல்லியதாக இருப்பதால்தான் பிராணவாயு சுலபமாக இரத்தத்தில் சேர்கிறது. மற்றது சிறு பெட்டி போன்றது. தட்டை அணு செத்தால், பெட்டி அணு பெருகித் தட்டையாகி அந்த இடத்தை அடைக்கும்.

உருவம் மாற உத்தரவு கொடுப்பது யார்? கைனேஸ் என்னும் நொதிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பிரட்டில் மண்டோர் வேலை பிரிப்பது மாதிரி, இவை புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற துணுக்கை ஒட்டி, “நீ வேலை செய், நீ நிறுத்து” என்கின்றன. ரோ கைனேஸ் என்பது அணுவுக்குள் உள்ள இழைகளை இழுத்து இறுக்கும்.

சிகரெட் புகையும் தூசியும் திரும்பத் திரும்பப் புண்ணாக்கினால் இந்த உத்தரவு ஓயாமல் போகலாம். அப்போது நார் உண்டாக்கும் அணுக்கள் முறுக்கேறி, நாரை அள்ளிப் போடும். நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சில கைனேஸ்களைத் தடுக்கும் நின்டெடானிப் என்ற மாத்திரைக்கு 2014-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது.

பாராகுவாட் களைக்கொல்லி இன்னும் கொடியது. அதைக் குடித்துவிட்டால், நுரையீரல் அணுக்களே அந்த விஷத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சாகின்றன. முறிமருந்து கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. பழைய டின் எங்காவது கிடந்தால் தொடாதீர்கள், நிர்வாகத்திடம் சொல்லுங்கள். எந்த மருந்தையும் குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது.

சிகரெட்டை விடுங்கள். மருந்து அடிக்கும்போது கொடுத்த முகமூடியைப் போடுங்கள். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும், காசநோயாகவும் இருக்கலாம். டாக்டரிடம் என்ன வேலை, என்ன மருந்து, எத்தனை வருசம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தழும்பு விழுந்த பிறகு வருந்திப் பயனில்லை. வருமுன் காப்பதே வழி.