மாறாமலை ஜீப்புக்கு வருடம் இரண்டு பரீட்சை

கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் மணத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளைந்ததை மூட்டையாகக் கீழே இறக்கும் வண்டியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. முதல் மழை அரித்த தோட்டச் சாலையில் கல் நிரவி முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஜீப்புக்கு அங்கே வருடம் இரண்டு பரீட்சை.

ஜீப் பிறந்ததே பரீட்சை எழுதத்தான். 1940இல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளிடம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டி ஒன்றைக் கேட்டது. முதல் மாதிரிக்கு 49 நாள் கெடு. பான்டம் என்ற சின்னக் கம்பெனி அதை ஏற்று, செப்டம்பர் 23 அன்று மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் இருக்கையில் வண்டியை மேரிலாந்திலுள்ள ஹோலாபேர்ட் முகாமில் கொண்டுபோய் நிறுத்தியது. முகாமில் அதை மேட்டிலும் சேற்றிலும் விட்டு அடித்து ஓட்டினார்கள். எந்தப் பாகம் முதலில் உடையும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். பிறகு அதே வழியில் வில்லிஸ் என்ற இன்னொரு கம்பெனி செய்த ஜீப்பை, 1947 முதல் மஹிந்திரா இந்தியாவில் பாகங்களைக் கோத்து விற்கத் தொடங்கியது.

அந்த வில்லிஸ் எஞ்சினுக்கு வெறும் 60 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றுக்கு அதைவிட அதிகம் உண்டு. ஆனாலும் மலையில் ஜெயிப்பது ஜீப்தான். காரணம், வழக்கமான கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டி. முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்து அனுப்புவது அதுதான். அதில் ‘லோ’ போட்டால் சக்கரத்தின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும், திருகுவிசை இரட்டிப்பாகும். ஆள் நடக்கும் வேகத்தில் பாறைமேல் ஏற முடிவது இதனால்தான். இறக்கத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். லோ கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மலைவண்டியைச் சோதிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை.

அடுத்தது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் என்ன ஆகும்? திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் உருள வழிசெய்வது டிஃபரன்ஷியல். சாலையில் அது உபகாரி, குழியில் துரோகி. பிடிமானமில்லாத சக்கரம் வெறுமனே சுற்ற, மண்ணில் நிற்கும் சக்கரம் அசையாது. முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்று என இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொண்டால், நான்கு சக்கர இழுவை இருந்தும் ஜீப் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் சோதனைத் தளங்களில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மேடுபள்ளம் அமைக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே அப்படியொரு தளம் இருக்கிறது. செய்யாறு அருகே 454 ஏக்கரில் மஹிந்திரா அமைத்த அது 2021இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த மஹிந்திராவின் புதிய ‘தார்’ ஜீப்பின் கணக்கு இது: தரையிலிருந்து அடிப்பாகம் 226 மில்லிமீட்டர் உயரம், முன்பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு 41.8 டிகிரி, 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கலாம்.

தண்ணீர்க் கணக்கில் மட்டும் ஒரு சூது உண்டு. ஏறி வந்த சூட்டோடு அச்சுப்பெட்டி குளிர்ந்த ஓடைக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், எண்ணெய் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இதைத் தடுக்கத்தான் பெட்டியிலிருந்து மேலே ஒரு மூச்சுக்குழாய் போகிறது. அது அடைத்திருந்தாலும் வண்டி அன்றைக்கு ஒழுங்காகவே வீடு வந்து சேரும். பிறகொரு நாள் அச்சு எண்ணெயைத் திறந்து பார்த்தால் மோர் நிறத்தில் இருக்கும். பழைய ஜீப் வாங்குகிறவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

புதுவண்டியின் திறமையைக் காட்டுக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் காடு 2008இல் வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தோட்டச் சாலைக்குத் தோட்டத்தாரிடமும் காட்டுப் பாதைக்கு வனத்துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் 41.8 டிகிரி ஏறும் வண்டியும் சோதனைச்சாவடிக் கம்பத்தோடு நின்றுவிடும்.