கால் மணித்தியாலமும் ஆறு கம்பிகளும்

"பொழுதுபோக்கு" என்ற சொல்லே எமது பெண்கள் பலருக்கு அந்நியமானது. விடியற்காலையில் தண்ணீர் அள்ளுவதில் தொடங்கி, பிள்ளைகளின் பாடசாலை, தோட்டம், தையல், கடன் தவணை என்று நாள் முழுவதும் ஓட்டந்தான். இந்நிலையில் கணவனை இழந்த ஒருத்தி கிற்றாரைக் கையில் எடுத்தால், "இவளுக்கு இப்ப இது தேவைதானோ?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்தே, மறைந்தவர் வாசித்த கிற்றாரைச் சீலையால் மூடி வைத்திருப்போர் உள்ளனர்.

பழக விரும்புவோர் கூறும் அடுத்த தடை நேரம். ஆனால் மணிக்கணக்கு தேவையில்லை. சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் பழகுவதை விட, தினமும் 15 நிமிடம் பழகுவதே ஆரம்பநிலையில் பயன் தரும். விரல் நுனித் தோல் சிறிது சிறிதாகத்தான் தடிக்கிறது. விரல்கள் தம் இடத்தைப் பழகிக்கொள்வதும் அவ்வாறே.

முதல் இரண்டு நிமிடம் சுருதி சேர்ப்பதற்கு. தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது ஒழுங்கு. கைத்தொலைபேசியில் இதற்கெனச் செயலிகள் உண்டு. சுருதி சேராத கிற்றாரில் சரியாக வாசித்தாலும் பிழையாகவே கேட்கும். "எனக்கு வராது" என்று பலர் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த ஐந்து நிமிடமே முக்கியமானது. பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் "கோட்"களில் இரண்டை மட்டும் எடுங்கள். ஈ மைனருக்கு இரண்டு விரல்கள் போதும். ஏ மைனருக்கு மூன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு விரல்களை மாற்றுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என எண்ணி, கொப்பியில் திகதியுடன் குறியுங்கள். முதலில் பத்துத் தடவை கூட வராது. கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டின் மேல் அழுத்தாமல், அதன் தலைப்பக்கமாக ஒட்டினாற்போல் அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

பின்னர் ஐந்து நிமிடம், காலால் நான்கு எண்ணித் தாளம் தட்டியபடி வலக்கையால் மெதுவாக மீட்டுங்கள். மீதி மூன்று நிமிடம் உங்களுக்குப் பிடித்த பாட்டுக்கு. சில பாட்டுகள் அழுகையைக் கொண்டு வரும். அன்று அதை ஒதுக்கிவிட்டு விரல் பயிற்சியுடன் நிறுத்தலாம். இசை எல்லாத் துயரையும் ஆற்றும் என்று நான் கூற வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்குக் கிற்றார் பதிலாகாது. ஆயினும் அந்த 15 நிமிடம் வேறெவருக்கும் உரியதல்ல.

ஆரம்ப வாரங்களில் இடக்கை விரல் நுனிகள் நோகும். அது இயல்பு. நைலோன் கம்பியாயின் நோவு குறைவு. மணிக்கட்டு நொந்தால் உடனே நிறுத்துங்கள்.

குண்டுத் துகளால் விரல் பாதிக்கப்பட்டோரும் தயங்க வேண்டியதில்லை. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞர் 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் பெரும்பாலும் இயங்காத நிலைக்கு வந்த பின்னரே, மற்ற இரண்டைக் கொண்டு புகழ்பெற்றார். இடக்கை முற்றாகப் பாதிக்கப்பட்டிருந்தால், கம்பிகளின் வரிசையை மாற்றிக் கட்டி வலக்கையால் அழுத்தலாம்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான எலிசபெத் கொட்டன் சிறுமியாகத் தானே கிற்றார் பழகியவர். திருமணத்தின் பின் அதைக் கைவிட்டு, வீட்டுவேலை செய்து பிழைத்தார். பல தசாப்தங்களின் பின் மீண்டும் தொட்டார். 1958இல் அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

பிள்ளைகள் பாடசாலைக்குப் போன கையோடு உட்காருங்கள். இரவுக்குத் தள்ளினால் நித்திரைதான் வெல்லும். கிற்றாரை அலுமாரிக்கு மேல் ஏற்றாமல், கண்ணில் படும்படி சுவரில் மாட்டுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் அரை மணித்தியாலமாக்க வேண்டாம். அதே 15 நிமிடம் போதும்.