உண்ணா நேரமும் உடல் எடையும்

நாளில் 8 மணி நேரத்திற்குள் உணவை முடித்துக்கொண்டு, எஞ்சிய 16 மணி நேரமும் நீர் மட்டும் அருந்தியிருப்பதை இடைவிட்ட நோன்பு என்கின்றனர். ஏகாதசி காத்த நம் பாட்டிமாருக்கு இது வியப்பளித்திராது. அவர்கள் நாடியது புண்ணியம். நாம் நாடுவது இடுப்பளவு.

உணவிலிருந்து பெறும் சர்க்கரையில் ஏறத்தாழ 100 கிராமைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கின்றது. உண்ணாத நேரம் நீள நீள அச்சேமிப்புக் குறைய, உடல் கொழுப்பை மிகுதியாக எரிக்கின்றது. அப்படியாயின் நேரமே மருந்தா?

நான் மூன்று திங்கள் காலை 9 முதல் மாலை 5 மணிக்குள் உண்டு வந்தேன். நான்கு கிலோ குறைந்தது. ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் கணக்கெழுதிப் பார்த்தேன். நின்றுபோனவை இரவுத் தோசைகளும், சர்க்கரையிட்ட பாலும், வானொலி கேட்டவாறே கொறித்த முறுக்குமேயாம்! எடையைக் குறைத்தது கடிகாரமா, முறுக்கா?

சீனத்துக் குவாங்சௌ நகரில் 139 பேரைக்கொண்டு ஓராண்டு நடைபெற்று, 2022-இல் வெளியான ஆய்வொன்று இவ்வினாவையே ஆராய்ந்தது. இரு பிரிவினருக்கும் ஒரே அளவில் உணவு குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டனர். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோவும், ஏனையோருக்கு 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே, உண்ணும் அளவே முதன்மையானது. அளவைக் காக்க நேரம் ஒரு வேலியாகலாம்.

மாணவர்களே, வளரும் பருவத்தில் காலையுணவைத் துறந்து வகுப்பில் சோர்ந்திருப்பதற்கு நோன்பென்று பெயரிடவேண்டா. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி இட்டுக்கொள்ளும் என் தமக்கையாரும் என்னைக் கண்டு தொடங்க விழைந்தார். மருத்துவரைக் கேட்கும்வரை கூடாதென்று தடுத்துவிட்டேன். மருந்து உட்சென்று உணவு செல்லாவிடின், குருதிச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும்.