எலிக்கு வந்தது எல்லாருக்கும் வருமா?

கிண்டிப் பக்கம் செத்த புள்ளிமான் வயிற்றில் பிளாஸ்டிக் என்று செய்தி வந்தால், உடனே யாராவது ‘பிளாஸ்டிசைசர் விஷம்’னு எழுதிடறாங்க. எனக்கு அது இடிக்குது. கேரி பேக் பாலித்தீன்; அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் தேவையில்லை. மானைக் கொல்வது பெரும்பாலும் இரைப்பை அடைப்புதான்.

பிளாஸ்டிசைசர் நிறைய இருப்பது மெத்துனு இருக்கிற பிவிசியில்: ரத்தப் பை, டியூப், ரெக்சின். அதில் பேர்போனது டிஇஎச்பி. எலிக்குத் தொடர்ந்து நிறையக் கொடுத்தால் கல்லீரலில் கட்டி வரும். குரங்கின் கல்லீரல் அவ்வளவு அசையாது. ஒரு காரணம், லிபேஸ் என்சைம் உடைத்துத் தரும் எம்இஎச்பிதான் நிஜ வில்லன். அந்த லிபேஸ் வேகம் சுண்டெலிக்கு அதிகம், மார்மோசெட் குரங்குக்கு ரொம்பக் கம்மி.

எலியில் கட்டி வரும் வழி மனிதருக்குப் பொருந்தாது என்று 2000-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை டிஇஎச்பியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கியது. 2011-ல் திரும்ப ஏற்றிவிட்டது. ரத்தப் பையிலோ குடலுக்கே வேலையில்லை: பிளாஸ்மாவில் இருக்கும் என்சைமே பைக்குள் அதை எம்இஎச்பியாக உடைக்க ஆரம்பிச்சிடும்.