சமூகப் பணிக் கல்வி: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அல்லற்படுவோர்க்கு உதவுதல் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்த மரபு நம்முடையது. ஆயினும், உதவி செய்வதற்கென்று முறையான கல்வியும் பயிற்சியும் வேண்டும் என்ற கருத்து நம்மிடையே வேரூன்றத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். இன்று நாட்டின் பல பல்கலைக் கழகங்களிலும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளிலும் சமூகப் பணி ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் இளைஞர்களும் இளம் பெண்களும் ஆயிரக்கணக்கில் இப்படிப்பை நாடுகின்றனர்.

இவர்கள் எந்தக் கல்லூரியில், எந்தப் பட்டப் படிப்பில் சேர்வது என்பது சாதாரணக் கேள்வியன்று. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் சட்டப்படி அமைந்த மன்றங்கள் உள்ளன. பதிவு பெறாதவர் அத்தொழில்களைச் செய்ய இயலாது. சமூகப் பணிக்கு அத்தகைய அகில இந்திய மன்றம் அமைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக இருந்தும், அது கைகூடவில்லை. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளரைத் தன் பட்டியலில் சேர்த்துக் கொண்டது. ஆனால் இத்தொழிலின் பிற துறைகள் அதன் வரம்புக்கு அப்பாற்பட்டவை. எனவே நல்ல பயிற்சி தரும் கல்லூரியையும் வெறும் பட்டம் தரும் கல்லூரியையும் பிரித்தறியும் பொறுப்பு பெருமளவு மாணவர் தலையிலேயே விழுகிறது. தேர்வு தவறினால் மாணவருக்கு ஏற்படும் நட்டம் சில ஆண்டுகள். அரைகுறைப் பயிற்சியோடு அவர் எதிர்கொள்ளும் குழந்தைக்கும் நோயாளிக்கும் ஏற்படும் நட்டமோ அதனினும் பெரிது.

தொண்டும் தொழிலும்

தொண்டுள்ளம் இப்பணிக்கு அடிப்படை. ஆனால் அது மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதங்கள் இடைவிடாது மருந்து உட்கொள்ள வேண்டும். கூலி வேலை செய்யும் நோயாளி ஒருவர் இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறார். இரக்கமுள்ள அண்டை வீட்டார் அவருக்கு அரிசியும் பழமும் வாங்கித் தருவர். அறிவுரையும் கூறுவர். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரோ, அவர் ஏன் நிறுத்தினார் என்பதை முதலில் அறிய முற்படுவார். காய்ச்சல் தணிந்ததும் நோய் நீங்கியதாக எண்ணினாரா? மருந்து வாங்கச் செல்லும் நாளில் கூலி இழப்பு ஏற்படுகிறதா? நோயைக் குடும்பத்தாரிடமிருந்து மறைக்கிறாரா? காரணம் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. முதலாவதற்கு விளக்கம் வேண்டும். இரண்டாவதற்கு மருந்து வழங்கும் நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும். மூன்றாவதற்குக் குடும்பத்தாருடன் பொறுமையாகப் பேச வேண்டும்.

இவ்வாறு காரணம் அறிந்து செயற்படும் திறனையே சமூகப் பணிக் கல்வி ஊட்ட முயல்கிறது. தனியாள் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்புப் பணி, சமூகநல நிர்வாகம், சமூக ஆராய்ச்சி, சமூகச் செயற்பாடு என ஆறு முறைகள் இதன் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. இவற்றுடன் சமூகவியல், உளவியல், சட்டம், பொருளாதாரம் ஆகியவற்றின் அடிப்படைகளும் கற்பிக்கப்படுகின்றன.

வளர்ந்த வரலாறு

இந்தியாவில் இக்கல்வி 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிற்று. நாகபாடா பகுதியில் உழைக்கும் மக்களிடையே பணியாற்றி வந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர், டாட்டா அறக்கட்டளையின் ஆதரவோடு அமைத்த சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளியே முதலாவதாகும். 1944-இல் இது டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1964-இல் பல்கலைக் கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. தில்லி சமூகப் பணிப் பள்ளி 1946-இலும், காசி வித்யாபீடத்தின் சமூகப் பணிப் படிப்பு 1947-இலும் தோன்றின. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி 1952-இல் தொடங்கப் பெற்றது.

தொடக்கக் காலப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்க முறையைத் தழுவியவை. தனி மனிதரின் சிக்கல்களுக்கு அவை அளித்த இடம், நிலமின்மை, சாதிக் கொடுமை, பட்டினி போன்ற நம் நாட்டுப் பிரச்சினைகளுக்குக் கிட்டவில்லை என்ற குறை எழுந்தது. பல்கலைக் கழக மானியக் குழு நியமித்த இரண்டாவது ஆய்வுக் குழுவின் அறிக்கை 1980-இல் வெளிவந்தது. சமூகப் பணிக் கல்வி வறுமை ஒழிப்போடும் நாட்டு வளர்ச்சியோடும் இணைய வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. டாட்டா நிறுவனம் 1986-இல் மராட்டிய மாநிலத்தின் வறண்ட பகுதியான துல்ஜாப்பூரில் கிராம வளர்ச்சிக்கென ஒரு வளாகத்தைத் தொடங்கியதும் இப்போக்கின் ஓர் அடையாளமே.

எந்தப் பட்டம்?

பள்ளிப் படிப்பை முடித்தோர் இளநிலைச் சமூகப் பணிப் பட்டப் படிப்பில் சேரலாம். மூன்றாண்டுகளாக இருந்துவந்த இது, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல இடங்களில் நான்காண்டு வரை தொடரும் வகையில் மாற்றப்பட்டுள்ளது. ஆயினும், பொறுப்பான பதவிகள் பலவற்றுக்கு எதிர்பார்க்கப்படுவது முதுநிலைப் பட்டமே. இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் எப்பாடத்தில் பட்டம் பெற்றவரையும் பெரும்பாலான கல்லூரிகள் சேர்த்துக் கொள்கின்றன. எனவே பொருளாதாரமோ உளவியலோ தமிழோ படித்தவர்க்கும் இத்துறையின் கதவு அடைக்கப்படவில்லை.

தனித்துறையைத் தெரிந்தெடுக்கையில், அதன் பின்னுள்ள சட்டங்களை அறிந்திருப்பது நலம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டுமென விதித்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவ்வெண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. தொழிலாளர் நலத் துறை மாணவரிடையே செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நாளடைவில் அத்துறை நிறுவனங்களின் ஆள் நிர்வாகத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது. தொழிலாளர் குடும்பங்களிடையே பணியாற்ற விரும்புவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, சட்டத்துடன் முரண்பட்ட சிறாரை விசாரிக்கும் குழுமத்தில் ஒரு நடுவருடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கின்றனர். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளர் எனப்படுவோர் முதுநிலைப் பட்டத்தின் மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என வரையறுக்கிறது. எம்.ஃபில். பட்டத்தைப் பொதுவாக நிறுத்திய மானியக் குழு, இத்துறைக்கு 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்களித்தது. ஆகவே இவ்வழியை நாடுவோர், தாம் சேரவிருக்கும் ஆண்டில் நடைமுறையிலுள்ள விதி யாது என்பதைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

களப்பணியே உரைகல்

பட்டத்தின் பெயரும் பாடங்களின் பட்டியலும் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் வேறுபடுவதில்லை. உண்மையான வேறுபாடு களப்பணியில்தான் வெளிப்படும். பொதுவாக மாணவர் வாரத்தில் இரண்டு நாட்களை மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, கிராமம் போன்ற இடங்களில் கழிக்க வேண்டும். அங்குக் கண்டதையும் செய்ததையும் எழுதி, ஆசிரியரிடம் காட்டி, தம் செயலின் நிறைகுறைகளை உணர வேண்டும். இதுவே இக்கல்வியின் உயிர்நாடி. நீச்சலை நூலில் படித்து அறிய இயலாதவாறு, துயருற்ற ஒருவரின் பேச்சைப் பொறுமையுடன் செவிமடுப்பதையும் வகுப்பறையில் மட்டும் கற்க இயலாது.

எனவே கல்லூரியை நாடுவோர் சில கேள்விகளைத் தயங்காது கேட்க வேண்டும். களப்பணி நாட்கள் கால அட்டவணையில் உண்மையாகவே ஒதுக்கப்பட்டுள்ளனவா, அன்றி விடுமுறை நாட்களாகக் கழிகின்றனவா? ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை மாணவர் உள்ளனர்? ஒவ்வொரு மாணவருடனும் தனித்துக் கலந்துரையாட வாரந்தோறும் நேரம் உண்டா? பயிற்சி அளிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற பணியாளர் இருக்கிறாரா, அல்லது மாணவர் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பயன்படுத்தப்படுகின்றனரா? இவற்றுக்கு நம்பத்தக்க விடை, அக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவரிடமிருந்தே கிடைக்கும். அவருடைய களப்பணிக் குறிப்பேட்டைப் பார்க்க முடிந்தால் இன்னும் நலம். ஆசிரியரின் கருத்துரைகள் பக்கந்தோறும் காணப்படின், அங்குப் பயிற்சி நடைபெறுகிறது எனக் கொள்ளலாம். கையொப்பம் மட்டுமே காணப்படின், எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

தபால் வழி, தொலைநிலைப் படிப்புகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பணியிலிருப்போர்க்கு அவை பயன்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் களப்பணிக்கும் மேற்பார்வைக்கும் அவற்றில் என்ன ஏற்பாடு என்பதை அறியாமல் சேர்வது தகாது.

ஆசிரியர்களே களத்தில் ஈடுபட்டுள்ள கல்லூரிகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இடருற்ற சிறுவர் எந்நேரமும் அழைக்கக்கூடிய 1098 என்ற தொலைபேசிச் சேவை, 1996-இல் டாட்டா நிறுவனத்தின் களச் செயற்பாட்டுத் திட்டமாகவே பம்பாயில் பிறந்தது. பின்னர் நாடெங்கும் பரவிற்று. அந்நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழு பீகார் மாநிலக் காப்பகங்களைப் பார்வையிட்டு 2018-இல் அளித்த தணிக்கை அறிக்கையால்தான், முசாபர்ப்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. அரசிடம் பதிவேடுகள் இருந்தன; கண்காணிப்பு முறையும் இருந்தது. எனினும், குழந்தைகளிடம் அமர்ந்து பேசத் தெரிந்தவர்கள் சென்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. களப்பயிற்சியின் பயன் இதுவே.

மொழியும் செலவும்

புகழ்பெற்ற தொலைதூர நிறுவனங்களை நாடுவோர் மொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறலாம். ஆனால் தில்லியின் குடிசைப் பகுதியில் வாழும் தாய் தன் துயரை இந்தியில்தான் கூறுவாள். பரோடாவில் குஜராத்தியில் கூறுவாள். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தனியாள் பணி செய்வது கடினம். ஆகவே வெளி மாநிலம் செல்வோர் அம்மண்ணின் மொழியைக் கற்கும் உறுதியுடன் செல்ல வேண்டும். இயலாதோர்க்கு, தாய்மொழி வழங்கும் மாநிலத்தில் உள்ள நல்ல கல்லூரியே மேலானதாகும். தமிழகத்தில் காந்திகிராமம் போன்று கிராமங்களைச் சார்ந்து வளர்ந்த நிறுவனங்களும் உள்ளன.

கட்டணத்துடன் களப்பணிக்கான பயணச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர்க்கான கல்வி உதவித் தொகைகள் எவை என்பதை முன்னரே விசாரித்து விண்ணப்பிப்பது பயனளிக்கும். படிப்புக்குப் பிந்திய நிலையையும் மறைக்காது எண்ண வேண்டும். தொண்டு நிறுவனங்களின் பதவிகள் பல, திட்டத்துக்குக் கிடைக்கும் நிதியைச் சார்ந்தவை. நிதி நின்றால் பதவியும் நிற்கும். அரசுத் திட்டங்களிலும் ஒப்பந்தப் பணியிடங்கள் மிகுதி. இதனை அறிந்து வருவோரே இத்துறையில் நிலைத்து நிற்பர்.

தொழிலுக்குரிய தரத்தைக் காக்க ஒரு மன்றம் அமைவது அவசியம். அது அமையும் வரை காத்திருக்க மாணவரால் இயலாது. கட்டடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் கவர்ச்சியையும் ஒதுக்கிவிட்டு, களமும் வழிகாட்டும் ஆசிரியரும் உள்ள இடத்தைத் தேடிச் சேர்வாராயின், அவர் தமக்கு மட்டுமன்றி, நாளை தம்மை நம்பிவரும் மக்களுக்கும் நன்மை செய்தவராவார்.