எமன் வேடம் கலைந்த பிறகு

அரிதாரம் - 9

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கிய 1891-இல் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ஏறக்குறைய அதே காலத்தில், தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் பேரேட்டை மூடிவைத்துவிட்டு நாடகத்துக்குப் போனார். பெயர் சங்கரதாஸ். 1867-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். சென்னை சபைக்காரர்களுக்கு வக்கீல் தொழிலும் உத்தியோகமும் போக மிஞ்சிய நேரத்தில் நாடகம். இவர் இறங்கிய உலகத்தில் அதுதான் பிழைப்பு, அதுதான் வீடு.

இராவணன், இரணியன், எமன், சனீஸ்வரன். இவைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேடங்கள். அவருடைய எமனைப் பற்றி நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு செய்தி உண்டு. 'சாவித்திரி' நாடகத்தில் அவர் போட்ட அதட்டலில், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது. இன்னொன்று சனீஸ்வரன் வேடத்தைப் பற்றியது. விடிய விடிய நாடகம் முடிந்து, வேடம் கலைக்க நீர்த்துறைக்குப் போனவரை அந்த அரையிருட்டில் எதிர்கொண்ட ஒரு பெண் அதிர்ச்சியில் அங்கேயே உயிரை விட்டாளாம். அன்றோடு அவர் அரிதாரம் பூசுவதை நிறுத்தினார் என்பார்கள்.

இந்தக் கதையை நடிகனின் திறமைக்குச் சான்றாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அவர் விலகியதுதான். கூட்டம் மிரள மிரள நடிகனுக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகும் தொழில் அது. அந்த உச்சியில் நின்றுகொண்டு, போதும் என்று இறங்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இறங்கியவர் தலங்களுக்குப் போனார், துறவுக்கோலம் பூண்டார், சுவாமிகள் ஆனார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது, அவர் இவரைச் சொந்தப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார். நாடகப் பாட்டுகளில் தாளம் துள்ளி விழும் இடங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புதுக்கோட்டை வீடுதான் நினைவுக்கு வரும்.

பிறகு நாடகத்துக்குத் திரும்பினார், வாத்தியாராக. இன்று இயக்குநர் என்கிறோமே, அந்த வேலைக்கு அன்றைய கொட்டகைப் பேச்சில் வாத்தியார் என்றுதான் பெயர். ஆனால் வேலை இன்னும் பெரியது. கதையைக் கட்டுவது, பாட்டும் வசனமும் எழுதுவது, மெட்டமைப்பது, யாருக்கு ராஜபார்ட், யாருக்கு ஸ்திரீபார்ட் என்று பார்த்துக் கொடுப்பது, நிற்கவும் நடக்கவும் சொல்லித் தருவது எல்லாம் ஒரே ஆள். சுமார் 68 நாடகங்கள் அவர் எழுதியதாகக் கணக்கு. படித்தால் அவற்றின் பாட்டுகள் கரடுமுரடாகத் தெரியலாம். வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் சொல் தானே நிற்கும். மேடையில் நின்று தொண்டை வற்றியவர் எழுதிய பாட்டு அது.

பெரிய நடிகர்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவது நடக்காத காரியமாக இருந்தது. ஒத்திகைக்கு வரமாட்டார்கள், மேடையில் கதையை விட்டு ஒருவரையொருவர் மடக்கப் பார்ப்பார்கள். அதனால் சிறுவர்களைத் தேடினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே தேர்ந்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில் சேரும்போது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. அந்தச் சின்னப் பையன் அபிமன்யுவாக நடிக்க வேண்டும் என்பதற்காகவே 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும், பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தார். இருக்கும் நாடகத்துக்கு ஆள் தேடாமல், இருக்கும் ஆளுக்கு நாடகம் எழுதிய வாத்தியார்.

சிறுவர்களை வைத்து நடத்திய இந்த பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை பிள்ளைகளுக்குச் சுகமானதல்ல. ஒப்பந்தம், அடி, தாயைப் பிரிந்து ஊர் ஊராக அலைச்சல். அந்தக் கண்ணீரை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைப் பேசுவது நியாயமாகாது. அதே பட்டறையில்தான் தமிழ் உச்சரிப்பும் மேடைக் கட்டுப்பாடும் உருவாயின என்பதும் உண்மை. சண்முகமும் சகோதரர்களும் பின்னால் சொந்தமாகக் கம்பெனி நடத்தினார்கள். என்.எஸ்.கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர்.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஊரெல்லாம் பேசவும் பாடவும் சொல்லிக் கொடுத்தவருக்குப் பேச்சு போயிற்று. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனித் திருவிழாவில், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் 'வள்ளி திருமணம்' பார்த்தேன். ஸ்பெஷல் நாடகம். வள்ளி ஓர் ஊர், வேலன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். இரவு பத்து மணிக்குத்தான் மூவரும் சந்தித்துக்கொண்டார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை.

மேடைக்குப் பின்னால் வேலன் வேடக்காரர் முகத்தில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார். "ஒத்திகை இல்லாம எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"பாடம் சாமி எழுதுனது தம்பி. அவங்களுக்கும் அதுதான், எனக்கும் அதுதான்" என்றார்.

வெளியே ஆர்மோனியம் சுதி பிடித்தது. எழுந்து படுதாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேடைக்குப் போனார். வள்ளிக்கும் வேலனுக்குமான தர்க்கம் முடியும்போது கிழக்கு வெளுத்திருந்தது.

(தொடரும்)